கல்லாப் பொம்மை எதை வாங்குறது: அஞ்சு குழந்தைங்க, மூணு கல்லா, ஒரு மணிச்சத்தம்

எங்க வீட்டு ஹால்ல தினமும் காலையில அஞ்சு குழந்தைங்க இருப்பாங்க. இது ஆரம்பிச்சப்போ என் பொண்ணுக்கு நாலு வயசு, அக்கா பையனுக்கு அஞ்சரை, மிச்ச மூணு பேரும் அக்கம்பக்கத்துப் பிள்ளைங்க, அதுல ரொம்பச் சின்னவனுக்கு ரெண்டரை வயசு, அவன் அப்போ ரெண்டு வார்த்தைக்கு மேல சேர்த்துப் பேச ஆரம்பிக்கல. இவங்க எல்லாருக்கும் பொதுவா பிடிச்ச ஒரே விளையாட்டு கடை விளையாட்டு தான். ஸ்டூலைக் கவுத்துப் போட்டா கடை, ஷூ வந்த அட்டைப்பெட்டி கல்லா, இலை, கூழாங்கல்லு, துணி மாட்டுற கிளிப்பு, ஜோடி தொலைஞ்ச சாக்ஸ் எல்லாம் சரக்கு. சரி, பழைய காலத்து டைப்புல கைப்பிடி சுத்துற கல்லாப் பொம்மை ஒண்ணு வாங்கித் தரலாம்னு நினைச்சதுல இருந்து, கடைசியா ஒண்ணு செட் ஆகுற வரைக்கும் நாலு மாசம் ஆயிடுச்சு, நடுவுல மூணு கல்லா வீட்டுக்கு வந்துச்சு. அப்பப்போ நோட்டுல குறிச்சு வச்சதைப் பார்த்துத்தான் இதை எழுதுறேன். வாங்கப் போறவங்களுக்கு உண்மையில தேவைப்படுற விஷயம் எதுவும் பொம்மை வந்த டப்பா மேல எழுதியிருக்காது.

முதல்ல அட்டைப்பெட்டிக் காலத்துல என்ன பிரச்சனைன்னு சொல்லணும், ஏன்னா வாங்குறதுக்கே காரணம் அதுதான். விளையாட்டு நல்லாத்தான் போகும், ஆனா பத்து நிமிஷத்துக்கு ஒரு தடவை சண்டை வந்துடும். பொருளுக்காகச் சண்டைன்னு தான் நான் ரொம்ப நாள் நினைச்சுட்டு இருந்தேன், உக்காந்து கவனிச்சுப் பார்த்தப்பதான் தெரிஞ்சுது, பாதிக்கு மேல சண்டை ஒரே இடத்துல தான் வருது, வாங்கி முடிச்ச பிறகு. வாங்குனவ இலையைக் காசா கொடுத்துட்டா, கடைக்காரன் பெட்டிக்குள்ள போட்டுட்டான், சாக்ஸும் கைக்கு வந்துடுச்சு, ஆனாலும் அவ நகர மாட்டேங்குறா, பின்னாடி நிக்கிறவன் தள்ளுறான், கடைக்காரன் "போ போ"ங்குறான், அவ "இன்னும் முடியல"ன்னு அழுறா. அதாவது வியாபாரம் எங்க முடியுதுன்னு யாருக்குமே தெரியல. பெரியவங்க நமக்கு அது பழக்கத்துல தெரியும், மூணு வயசுக்கு அது கண்ணுக்கோ காதுக்கோ தெரியுற மாதிரி ஒண்ணு வேணும். இதை நான் அப்போ இவ்வளவு தெளிவா புரிஞ்சுக்கல, ஏதோ "நல்ல கல்லா இருந்தா நல்லா விளையாடுவாங்க"ன்னு மட்டும் தான் நினைச்சேன்.

முதல்ல வந்தது பேட்டரியில ஓடுற நவீன கல்லா. ஸ்கேனர், மைக், தேய்க்கிறதுக்கு ஒரு கார்டு, எந்தப் பட்டனைத் தட்டினாலும் ஒரு ட்யூன், பேசுற குரல் வேற. பழைய டைப்பு உடனே கிடைக்கல, குழந்தைங்க கேட்டுட்டே இருந்தாங்க, அதனால எடுத்துட்டேன். முதல் நாள் ஒரே கொண்டாட்டம். மூணாவது நாள் நோட்டுல நான் எழுதினது இதுதான்: "கடைக்காரன் யாரையும் பார்க்கவே இல்ல." அக்கா பையன் கல்லாப் பக்கம் குனிஞ்சு பட்டனைத் தட்டிட்டே இருந்தான், எதிர்ல என் பொண்ணு ஒரு கூழாங்கல்லைக் கையில வச்சுக்கிட்டு "இது எவ்ளோ, இது எவ்ளோ"ன்னு நாலு தடவை கேட்டா, பதில் வரல. "நன்றி, மீண்டும் வருக" மாதிரி சமாச்சாரத்தை மெஷினே சொல்லிடுது, அப்புறம் பிள்ளை எதுக்குச் சொல்லணும்? அட்டைப்பெட்டி வச்சு விளையாடினப்போ விலை பேசுனாங்க, "பெரிய கல்லு இருக்கா"ன்னு கேட்டாங்க, "நாளைக்கு வா"ன்னு சொன்னாங்க, அந்தப் பேச்சு மொத்தமும் அடங்கிப் போச்சு.

இது எனக்கு மட்டும் தோணுனது இல்ல. அமெரிக்காவுல அன்னா சோசாங்குற ஆராய்ச்சியாளர் 10 முதல் 16 மாசக் குழந்தைங்க 26 பேரையும் அவங்க அப்பா அம்மாவையும் வச்சு ஒரு ஆய்வு பண்ணாங்க, 2015 கடைசியில ஜாமா பீடியாட்ரிக்ஸ்ங்குற குழந்தை மருத்துவ இதழ்ல வந்துச்சு. எலக்ட்ரானிக் பொம்மை கையில இருக்கும்போது, புத்தகமோ சாதா பொம்மையோ இருக்குறப்போ விட பெற்றோரோட பேச்சும் குறைஞ்சுது, குழந்தை குரல் கொடுக்குறதும் புத்தகத்தோட ஒப்பிடும்போது குறைஞ்சுதுன்னு முடிவு. அது சின்ன ஆய்வு, அதுல இருந்தது என் வீட்டுப் பிள்ளைங்களை விடக் குட்டிக் குழந்தைங்க, கல்லாவும் அதுல இல்ல, அதனால அப்படியே எடுத்து இங்க ஒட்ட முடியாது தான். ஆனா ஹால்ல நான் கண்ணால பார்த்ததும் அதுல படிச்சதும் ஒரே திசையில போச்சு.

அந்தக் கல்லாவைத் திருப்பிக் கொடுக்க முடிவு பண்ணதுக்கு வேற காரணம். ஸ்கேனருக்கு அடியில பேட்டரி மூடி லொட லொடன்னு ஆடுச்சு, திறந்து பார்த்தா உள்ள பட்டன் பேட்டரி, ஸ்க்ரூ சரியா பிடிக்கல. எனக்கு வயிறு கலங்கிடுச்சு. பட்டன் பேட்டரியைக் குழந்தை முழுங்கி அது உணவுக்குழாய்ல சிக்கினா 2 மணி நேரத்துக்குள்ளயே உள்ள புண்ணாகி ஓட்டை விழுற அளவுக்குப் போகலாம், சந்தேகம் வந்தாலே நேரா ஆஸ்பத்திரி தான், வீட்டுல வாந்தி எடுக்க வைக்கிறதெல்லாம் கூடாது. ரெண்டரை வயசுப் பிள்ளை இருக்குற வீட்டுல விரலால நெம்பித் திறக்கக்கூடிய பேட்டரி மூடி இருக்கவே கூடாது. எந்த பொம்மை வாங்கினாலும் முதல்ல கவுத்துப் போட்டு அடிப்பக்கத்தைப் பாருங்க.

ரெண்டாவது கல்லா எங்க பெரியம்மா பரண்ல இருந்து வந்தது. தகரத்துல செஞ்சது, சிவப்பு பெயின்ட், முன்னாடி வரிசையா சாவி மாதிரி பட்டன், அழுத்தினா மேல கண்ணாடி ஜன்னல்ல நம்பர் போட்ட குட்டிப் பலகை எழும்பும், டிராயர் திறக்கும்போது மணி "டிங்". பெரியம்மா அதைத் துணியில சுத்திக் கொண்டு வந்து, "நீங்கல்லாம் விளையாண்டதுதான்டி, எடுத்துக்கோ"ன்னு கொடுத்தப்போ எனக்குக் கண்ணு கலங்கிடுச்சு. நான் தான் முதல்ல அடிச்சுப் பார்த்தேன். உள்ள ரூம்ல இருந்த குழந்தைங்க அஞ்சு பேரும் அந்த ஒரே ஒரு "டிங்" கேட்டு வாசலுக்கு வந்து நின்னாங்க. முந்தின கல்லா நாள் முழுக்கச் சத்தம் போட்டும் இப்படி யாரும் திரும்பிப் பார்த்தது இல்ல.

அன்னைக்கு ராத்திரி தான், நிஜக் கல்லாவுல மணியை எதுக்கு வச்சாங்கன்னு தேடிப் படிச்சேன். அமெரிக்காவுல ஒஹையோ மாகாணத்து டேட்டன்ல ஜேம்ஸ் ரிட்டின்னு ஒருத்தர் மதுக்கடை நடத்தியிருக்கார். வேலைக்கு இருந்தவங்க வர்ற காசை அப்படியே பாக்கெட்டுல போட்டுக்கிட்டதால கடை நஷ்டத்துல போயிருக்கு. கப்பல்ல போகும்போது என்ஜின் ரூம்ல, ப்ரொப்பெல்லர் எத்தனை சுத்து சுத்துதுன்னு எண்ணுற கருவியைப் பார்த்துட்டு, இதே மாதிரி காசையும் எண்ணலாமேன்னு யோசிச்சு, அண்ணன் தம்பி ரெண்டு பேருமா சேர்ந்து 1879ல பேடன்ட் வாங்குனாங்க. அப்புறம் 1884ல ஜான் பேட்டர்சன் அந்தத் தொழிலை வாங்கி நேஷனல் கேஷ் ரெஜிஸ்டர்னு பேர் மாத்தினார். 1906ல சார்லஸ் கெட்டரிங் அதே கம்பெனியில இருந்துக்கிட்டு மோட்டார் வச்ச கல்லாவைச் செஞ்சார், அதுவரைக்கும் எல்லாம் கை பலம் தான். மணியோட வேலை ரொம்ப நேரடியானது, கல்லா திறந்தா கடையில எந்த மூலையில இருந்தாலும் முதலாளிக்குக் கேக்கணும். இப்போ ஒரு விற்பனை முடியுதுங்குறதை ஊரறியச் சொல்றது தான் அந்தச் சத்தம். இதைப் படிச்சதும் அட்டைப்பெட்டிச் சண்டை தான் ஞாபகம் வந்துச்சு. என் வீட்டுப் பிள்ளைங்களுக்கு இத்தனை நாளா இல்லாம இருந்தது அந்த ஒரு சத்தம்.

ஆனா தகரக் கல்லாவைக் குழந்தைங்க கையில கொடுக்கல. பெரியம்மாவுக்கு அது கொஞ்சம் வருத்தம், "நீ விளையாடலையா, உனக்கு என்ன ஆச்சு"ன்னு கேட்டாங்க, நியாயமான கேள்வி தான், பக்கத்துல உக்காந்து பொறுமையா விளக்கினேன். மூலையில பெயின்ட் உதிருது, விரலை வச்சா பொடியா ஒட்டுது. பழைய பெயின்ட்ல ஈயம் இருக்க வாய்ப்பு அதிகம், அமெரிக்காவுலயே 1978ல தான் பொம்மை பெயின்ட்ல ஈயத்தை 0.06 சதவீதத்துக்குக் கீழ கொண்டு வந்தாங்க, அதையும் பத்தாதுன்னு 2009ல 0.009 சதவீதமா குறைச்சாங்க. சின்னவன் எதைப் பார்த்தாலும் வாயில வைக்கிற வயசு, ஈயம் மூளை வளர்ச்சியைப் பாதிக்கிற சமாச்சாரம். எந்த வருஷத்துப் பொம்மைன்னு உறுதியா தெரியாம, லேப்ல டெஸ்ட் பண்ணாம, "நல்லாத்தானே இருக்கு"ன்னு கொடுக்கக் கூடாது. இன்னொண்ணு டிராயர். உள்ள ஸ்பிரிங் அவ்வளவு பலம், திறந்தா படார்னு வெளிய வருது, ஓரமும் மடிக்காத தகரம். ஸ்டூல் மேல வச்சுப் பார்த்தேன், டிராயர் வந்து நிக்கிற உயரத்துல சின்னவனோட தாடை இருக்கு. இப்போ அது ஷெல்ஃப் மேல உசரத்துல இருக்கு, விளையாட்டு முடிஞ்சு எல்லாரும் எடுத்து வைக்கிற நேரத்துல நான் ஒரு தடவை அடிப்பேன், "கடை மூடியாச்சு"ன்னு அர்த்தம்.

நடுவுல மரக் கல்லாவும் ரெண்டு மூணு பார்த்தேன். அழகுக்குக் குறை இல்ல, கைக்கும் இதமா இருக்கு, ஆனா நான் பார்த்ததுல நிறைய டிராயர் சும்மா கையால இழுக்குறது தான், மணி இல்ல, பட்டன் அழுத்தினா உள்ள எதுவும் நடக்கல. மணியோட இருந்தா மரமே எடுத்திருப்பேன்.

மூணாவதா வந்தது தான் நிலைச்சுது. 1974ல ஃபிஷர்-பிரைஸ் கம்பெனி ஒரு பிளாஸ்டிக் கல்லா கொண்டு வந்துச்சு, மூணு சைஸ்ல கலர் காசு, பக்கத்துல கைப்பிடி, சுத்தினா மணி அடிச்சு டிராயர் திறக்கும். அந்த மாதிரிக் கல்லா பல பேர்ல பல கம்பெனியில இன்னைக்கும் வருது, நான் எடுத்ததும் அந்த ஜாதி தான். பேட்டரி கிடையாது. வாங்குறதுக்கு முன்னாடி அங்கேயே நின்னு பார்த்த விஷயங்களைச் சொல்லிடுறேன், கடைக்காரருக்குக் கொஞ்சம் பொறுமை வேணும்.

டிராயரை மூடி வச்சுட்டு எல்லாப் பட்டனையும் தட்டினேன், மணி அடிக்கக் கூடாது. கைப்பிடியைச் சுத்தி டிராயர் திறக்கும்போது மட்டும் தான் அடிக்கணும். எனக்கு இதுதான் எல்லாத்தையும் விட முக்கியம், சில மாடல்ல எந்தப் பட்டனைத் தொட்டாலும் மணி அடிக்குது, அதை அப்பவே ஒதுக்கிட்டேன், கண்டபடி அடிக்கிற மணிக்கு அர்த்தமே கிடையாது. அடுத்து கைப்பிடியை வேணும்னே ரிவர்ஸ்ல சுத்தினேன், ஏன்னா குழந்தை கண்டிப்பா அப்படித்தான் சுத்தும், சிக்கி நிக்கக் கூடாது. டிராயரை முழுசா இழுத்தா கழண்டு கால்ல விழக் கூடாது, மூடும்போது விரல் நசுங்குற இடைவெளி இருக்கக் கூடாது. அடியில ரப்பர் பாதம் இருக்கான்னு பார்த்தேன், இல்லாட்டி சுத்துற வேகத்துல கல்லாவே நகர்ந்து போகும், அப்புறம் ஒரு கையால பிடிச்சுக்கிட்டு ஒரு கையால சுத்தணும், காசு வாங்குறதுக்குக் கை இருக்காது. (ரப்பர் இல்லாதது கையில இருந்தா, வழுக்காத ரப்பர் ஷீட்டை அடியில வச்சாலும் போதும்.)

காசைப் பத்தித் தனியா சொல்லணும். மூணு வயசுக்குக் கீழ உள்ள குழந்தைங்க பொம்மையில சின்ன பாகம் இருக்கான்னு சோதிக்க ஒரு உருளை வச்சிருக்காங்க, வாய் அகலம் 31.7 மில்லிமீட்டர், ஆழம் ஒரு பக்கம் 25.4, மறு பக்கம் 57.1. அதுக்குள்ள முழுசா அடங்குற எதுவும் அந்த வயசுக்கு ஆபத்துன்னு கணக்கு. நான் ஸ்கேல் கொண்டு போய் இருக்குறதுலயே சின்னக் காசை அளந்தேன், நாலு சென்டிமீட்டருக்குக் கொஞ்சம் மேல இருந்துச்சு, அதனால எடுத்தேன். டப்பாவுல "3 வயசுக்கு மேல"ன்னு போட்டிருந்தா அது குழந்தையோட புத்திசாலித்தனத்தைப் பத்தின பேச்சு இல்ல, "என் பையன் கெட்டிக்காரன், சமாளிச்சுடுவான்"னு வாங்கக் கூடாது, தொண்டையில சிக்குறதைப் பத்தின எச்சரிக்கை அது. நிஜக் காசைப் போட்டு விளையாட விடுறதும் இதே காரணத்துக்காக வேண்டாம், சின்னவங்க வீட்டுல இருந்தா.

வந்த முதல் வாரம் சின்னவன் மட்டும் தான் கல்லாவை விடவே இல்ல. மேல மூணு துளை, பெருசு, நடு, சின்னது. பெரிய காசைச் சின்னத் துளையில வச்சு அழுத்துவான், போகாது, திருப்பி வச்சு அழுத்துவான், போகாது, அப்புறம் காசை எடுத்து ஒரு பார்வை, துளையை ஒரு பார்வை, பக்கத்துத் துளைக்குக் கொண்டு போவான். போனதும் "ஆங்"னு ஒரு மூச்சு விடுவான். யாரும் "தப்பு"ன்னு சொல்லல, காசே சொல்லிடுச்சு. ஆனா இதுல ஒரு ஓட்டை இருக்கு, அதையும் பார்த்தேன்: சின்னக் காசு எல்லாத் துளையிலயும் போகும், அதனால சின்னக் காசைப் பெரிய துளையில போட்டா அது தப்புன்னு கல்லா காட்டிக்கொடுக்காது. ரெண்டு நாள் எல்லாச் சின்னக் காசையும் பெரிய துளையில போட்டுட்டு இருந்தான். நான் திருத்தல. மூணாவது நாள் பெரிய காசு எல்லாம் கையில மிஞ்சி, பெரிய துளைக்குள்ள இடம் இல்லாம அடைச்சுக்கிச்சு, அன்னைக்கு அவனே எல்லாத்தையும் எடுத்துட்டு மறுபடி பிரிச்சான்.

பெரிய பிள்ளைங்க விளையாட்டுல சேர்ந்தது ரெண்டாவது வாரம். முதல்ல யார் கைப்பிடி சுத்துறதுன்னு சண்டை, அது எதிர்பார்த்தது தான். அப்புறம் என் பொண்ணு தானா ஒரு சட்டம் போட்டா, "டிங் ஆச்சுன்னா போகணும்." நான் சொல்லிக் கொடுக்கல. வரிசையில நிக்கிற பிள்ளை பொருளை வைக்கும், விலை பேச்சு நடக்கும், காசு விழும், கைப்பிடி சுத்தும், டிங், டிராயர்ல இருந்து மிச்சக் காசு வரும், "அடுத்து யாரு"ன்னு குரல். மணி அடிக்கிற வரைக்கும் எவ்வளவு நேரம் வேணா பேரம் பேசலாம், அடிச்சுட்டா நகரணும். பழைய சண்டை முழுசா ஒழிஞ்சுதுன்னு சொல்ல மாட்டேன், ஆனா "இன்னும் முடியல"ன்னு அழுற அந்தக் குறிப்பிட்ட சண்டை நின்னுடுச்சு. பேரத்துல படியலைன்னா மணி அடிக்காம காசைத் திருப்பிக் கொடுக்கணும்னு அக்கா பையன் அடுத்த சட்டம் கொண்டு வந்தான், அது எனக்கு ரொம்பப் பிடிச்சுது.

கணக்கு விஷயத்துல அவசரப்படக் கூடாதுன்னு இந்தக் கல்லா விளையாட்டுல நான் கத்துக்கிட்டேன். காசுல 1, 5, 10ன்னு போட்டிருக்கு, என் பொண்ணுக்கு மூணு "1" காசு கொடுத்தா சந்தோஷம், ஒரே ஒரு "10" கொடுத்தா "எனக்கு ஒண்ணு தானா"ன்னு கோவம். அவ எண்ணுறது துண்டை, மேல எழுதியிருக்குற மதிப்பை இல்ல. 1978ல கெல்மன், கேலிஸ்டல்னு உளவியல் ஆராய்ச்சியாளர்கள் ரெண்டு பேர் குழந்தைங்க எண்ணுறதுக்கு அடிப்படையா சில விதிகளைச் சொன்னாங்க: ஒரு பொருளுக்கு ஒரு எண் தான், எண்ணோட வரிசை மாறக் கூடாது, கடைசியா சொன்ன எண் தான் மொத்தம், இப்படி. நாலு வயசு அதைத்தான் பழகிட்டு இருக்கு, ஒரு துண்டு பத்துக்குச் சமம்ங்குறது அதுக்கு மேல உள்ள படி. அதனால கால்குலேட்டர் உள்ள கல்லா இந்த வயசுக்கு வேண்டாம்னு தான் சொல்வேன், ஆறு ஏழு வயசானா அதுக்கு மவுசு வரும், இப்போ அது வெறும் பட்டன். நான் பண்ணது ஒண்ணே ஒண்ணு, வாடிக்கையாளரா போய் நின்னு "ரெண்டு கிளிப்பு கொடுங்க, எத்தனை காசு"ன்னு கேட்டேன், சின்னவன் அன்னைக்குக் கடைக்காரன், ஒரு கிளிப்புக்கு ஒரு காசு, இன்னொரு கிளிப்புக்கு இன்னொரு காசுன்னு பக்கத்துல பக்கத்துல வச்சான். அதுதான் கணக்கோட ஆரம்பமே.

இப்போ எட்டு மாசம் ஓடிடுச்சு. மணிச்சத்தம் கொஞ்சம் மங்கியிருக்கு, உள்ள தட்டுற நாக்கு தேஞ்சிருக்கணும், இன்னும் திறந்து பார்க்கல. காசுல ரெண்டு காணோம், சோஃபாவுக்கு அடியில கூடத் தேடியாச்சு. கெட்டி அட்டையை அஞ்சு சென்டிமீட்டர் வட்டமா வெட்டி, மூணு அடுக்கு ஒட்டிப் புதுசா நாலு காசு செஞ்சோம், துளைக்குள்ள போகல, ஆனா டிராயர்ல போட முடியுது, "பெரிய நோட்டு"ன்னு அக்கா பையன் பேர் வச்சுட்டான். போன வாரம் சின்னவன் கடைக்காரனா உக்காந்து, கைப்பிடியை ரெண்டு கையாலயும் பிடிச்சுச் சுத்தி, டிங் ஆனதும் டிராயரைப் பார்க்காம என் முகத்தைப் பார்த்து, "முடிஞ்சுது, அடுத்து யாரு வாங்க"ன்னான். அவன் வாயில இருந்து நான் கேட்ட முதல் முழு வாக்கியம் அது, தேதியோட நோட்டுல எழுதி வச்சிருக்கேன்.